விழுந்த மரம் அடங்கலில் இருக்கிறதா?

புயல் கரை கடந்த மறுநாள் காலை டெல்டா கிராமங்களில் முதலில் கேட்பது மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம்தான். வாசலை அடைத்துக் கிடக்கும் தென்னையை அறுத்துத் தள்ளி, மட்டைகளைக் குவித்துக் கொளுத்தி, தண்டைக் கிடைத்த விலைக்கு லாரிக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து அதே ஆட்கள் மனுவும் கையுமாக அலுவலக வாசலில் நிற்பார்கள். "எத்தனை மரம் போச்சு?" "நூத்தி இருபதுங்க ஐயா." "அடங்கல்ல தென்னைன்னு இருக்கா? போட்டோ இருக்கா?" இரண்டுக்கும் பதில் இருக்காது. மனுவை வாங்கி அடுக்கில் வைப்பார்கள். அது அங்கேயே இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறிய பிறகு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடிப் பக்கமெல்லாம் இதுதான் நடந்தது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தை அடித்து, பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோதும் இதேதான். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை வர்தா உலுக்கியபோது கொஞ்சம் வேறு மாதிரி: அங்கே விழுந்தவை தெரு மரங்கள், அடிபட்டவை கார்களும் காம்பவுண்டுச் சுவர்களும். ஒவ்வொரு முறையும் ஊர் அழுதது, அரசு அறிவித்தது, செடி நடும் விழா நடந்தது. எந்தச் செடி, எங்கே, எந்தக் குழியில் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

கஜாவுக்குப் பின் தமிழ்நாடு அரசு தென்னைக்குக் கொடுத்த கணக்கைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரியும். விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். அந்த 175 சும்மா வந்த எண் இல்லை. 25 அடிக்கு 25 அடி என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ அத்தனை மரம்தான் நிற்கும். "இடம் வீணாகுதே" என்று 18 அடிக்கும் 20 அடிக்கும் நெருக்கி நட்டவர், கூடுதலாக நட்டதையெல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே நட்டவர் ஆகிறார். நெருக்கத்தில் ஒல்லியாக உயர்ந்து போன மரம் காற்றுக்கு முதலில் படுக்கும் என்பது தனிக் கதை.

ஆகவே முதல் எச்சரிக்கை, இதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கும்: வெட்டுவதற்கு முன் படம் எடுங்கள். விழுந்த மரம், அதன் வேர்ப்பகுதி, பின்னால் தெரியும்படி உங்கள் வீடோ கிணறோ மோட்டார் கொட்டகையோ, ஓரத்தில் தேதி. இடக்குறிப்போடு படம் பிடிக்கும் செயலி எந்தக் கைபேசியிலும் கிடைக்கும். வழியை அடைக்கும் மரத்தை அகற்றியே ஆக வேண்டும் என்றால் அகற்றுங்கள், ஆனால் அடித்தூரை மட்டும் விட்டு வையுங்கள். கணக்கெடுக்க வருகிறவர் எண்ணுவது தூரைத்தான்.

இரண்டாவது, அடங்கல். பட்டா, சிட்டா எல்லாம் பத்திரமாகப் பெட்டியில் இருக்கும். அடங்கலைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அந்த சர்வே எண்ணில் இந்தப் பருவத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் பதியும் கணக்கு அது. பதினைந்து வருடத் தென்னந்தோப்பு அடங்கலில் இன்னும் நெல்லாகவோ தரிசாகவோ கிடப்பது அரிதல்ல. வி.ஏ.ஓ. வயலுக்கு வராமலே போன வருடக் கணக்கை இந்த வருடத்துக்கும் எழுதிவிடுகிறார் என்ற புகார் நியாயமானதுதான். அதற்காக அவர் வரும்வரை காத்திருந்து புயலை முதலில் வரவேற்பது புத்திசாலித்தனம் ஆகாது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு நடை போய், அடங்கல் நகல் கேட்டு வாங்கி, தவறாக இருந்தால் எழுத்தில் திருத்தம் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதுவும் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், இரண்டு ஹெக்டேர் வரைக்கும். இந்தச் சின்னத் தொகைக்கும் வாசல் அடங்கல்தான்.

இனி மரத்துக்கு வருவோம்.

வர்தா அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் கிடந்தவற்றில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன: செம்மயிற்கொன்றை, மஞ்சள் பூக்கும் இயல்வாகை, தூங்குமூஞ்சி. மூன்றும் வெளியூரிலிருந்து வந்தவை. மூன்றும் சீக்கிரம் வளரும், சீக்கிரம் நிழல் தரும், பூத்தால் அழகு. அதனாலேயே பள்ளிக்கூடம், நெடுஞ்சாலை, குடியிருப்பு என்று எங்கும் நட்டார்கள். விரைவாக வளரும் மரத்தில் கட்டை மென்மையாக இருக்கும், குடை அகலமாக விரியும், வேரோ மேலாகவே ஓடும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்று அந்தக் குடைக்குள் புகுந்தால் அடியில் பிடிமானம் இல்லை. கிண்டி தேசியப் பூங்காவிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் மரங்கள் சரிந்தன. வண்டலூர் மாதக்கணக்கில் மூடியே கிடந்தது. அதே தெருக்களில் வேம்பும் புங்கனும் கிளை முறிந்து, இலை உதிர்ந்து, ஆனால் பெரும்பாலும் நின்றன. கஜாவில் தென்னை வரிசை வரிசையாகப் படுத்த ஊர்களிலேயே வரப்போரத்துப் பனை நின்றதை டெல்டாக்காரர் எவரும் சொல்வார்.

இதற்காக உள்ளூர் மரம் எதுவும் விழாது என்று அடித்துச் சொல்வது அசட்டுத்தனம். வேம்பும் விழுந்தது. விழுந்த வேம்பின் அடியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்: ஒரு பக்கம் சிமெண்ட், மறுபக்கம் வடிகால் தோண்டியபோது அறுத்த வேர், நடுவே கேபிள் குழி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் காங்கிரீட்டை அகற்றச் சொன்னது. இங்கே நடைபாதை போடும் ஒப்பந்தக்காரர் இன்றைக்கும் மரத்தின் கழுத்து வரை ஓடு பதித்துவிட்டுப் போகிறார், பொறியாளரும் அளந்து பில் போடுகிறார். 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் ஓடும் கார் மீது மரம் சாய்ந்து ஒரு பெண் இறந்தபோது, பக்கத்தில் நடந்த மழைநீர் வடிகால் வேலையே காரணம் என்று மக்களும், இல்லை என்று மாநகராட்சியும் வாதாடினார்கள். வாதம் எப்படிப் போனாலும் போகட்டும். உங்கள் தெருவில் மரத்தடியில் பள்ளம் தோண்டுகிறார்கள் என்றால் அன்றைக்கே படம் எடுத்து, சென்னை மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகார் எண் வாங்குங்கள். தோண்டி மூடிய பிறகு வேர் அறுந்ததை எவராலும் நிரூபிக்க முடியாது.

அமெரிக்காவில் 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்ததிலிருந்து பல புயல்களுக்குப் பின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரத்து மரங்களை எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள். வேருக்கு இடம் விட்ட மரம் அதிகம் பிழைத்தது, முறையாகக் கவாத்து செய்த மரம் பிழைத்தது, தனியாக நின்றதைவிடக் கூட்டமாக நின்றது பிழைத்தது. தனிமரம் தோப்பாகாது என்பது காற்றுக்கும் தெரியும் போலிருக்கிறது. வீட்டு மனையில் ஒற்றைப் பெரிய மரத்தைக் காட்சிக்கு நிறுத்துவதைவிட, இரண்டு மூன்று நடுத்தர மரங்களும் அவற்றின் கீழே புதர்ச்செடிகளும் சேர்த்து நடுவது நல்லது.

கடலோர மண்ணில் புன்னை, பூவரசு, புங்கன், பனை ஆகியவை உப்புக்காற்றையும் தாங்கும். வேலிக்குத் தாழை. உள்ளே தள்ளி இருக்கும் ஊருக்கு வேம்பு, நாவல், இலுப்பை, மகிழம். மகிழம் மெதுவாக வளரும் என்று முகம் சுளிப்பார்கள். மெதுவாக வளர்வதுதான் அதன் தகுதி. சிறிய மனைக்கு மகிழமும் புங்கனும் போதும், இலுப்பையையும் நாவலையும் அரை கிரவுண்டில் திணிக்கக் கூடாது. முருங்கையும் வாதநாராயணனும் லேசான காற்றுக்கே கிளை ஒடிபவை. கொல்லைப்பக்கம் முருங்கை வைக்க வேண்டாம் என்று தமிழ் வீட்டில் யாரும் சொல்ல முடியாது, ஆனால் கூரைக்கும் மின்கம்பிக்கும் எட்டாத தூரத்தில் வைத்து, ஆண்டுதோறும் வெட்டிக் குறைத்து வைக்கலாம். கொனோகார்ப்பஸ் என்று ஒன்றை அழகுக்காகச் சாலை நடுவிலும் அடுக்ககங்களிலும் வரிசையாக நட்டு வந்தார்கள். அதை நடுவதற்கு 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசே தடை விதித்தது. தனியார் நர்சரியில் யாராவது இன்னும் அதை நீட்டினால் வாங்காதீர்கள்.

மரத்தின் பெயரைவிட முக்கியமானது நர்சரிப் பை. இரண்டு மூன்று வருடம் கறுப்புப் பிளாஸ்டிக் பையிலேயே கிடந்த கன்று உயரமாக, பார்வையாக இருக்கும். உள்ளே ஆணிவேர் கீழே இடித்துத் திரும்பிச் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. பத்து வருடம் கழித்து முதல் புயலில் மரம் அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும், வேர்ப்பகுதி பை அளவுக்கே உருண்டையாக இருக்கும். கடையில் நிற்கும்போதே பையை அடியில் கிழித்துப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடைக்குப் போகலாம். அதுபோலவே பூவரசு, ஆல், அத்தி போன்றவற்றைப் போத்து வெட்டி நடுவது வழக்கம். வேலிக்கு அது சரி. போத்திலிருந்து வந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, எனவே வீட்டை ஒட்டி அது வேண்டாம், விதைக்கன்றாகக் கேட்டு வாங்குங்கள். வனத்துறை நாற்றங்கால்களிலும் தோட்டக்கலைத் துறைப் பண்ணைகளிலும் நாட்டு மரக் கன்றுகள் கிடைக்கின்றன. விவசாய நிலத்தில் நடுவதற்கு உழவன் செயலியில் பதிந்தோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டோ கன்று பெறலாம். பலர் பெறுவதில்லை. மொபைல் வண்டியில் வரும் ஆந்திராக் கன்றை முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள்.

குழி மூன்றடிக்கு மூன்றடி. பெரிய மரம் சுவரிலிருந்து பதினைந்து அடிக்குக் குறையாமல். மின்கம்பிக்குக் கீழே எந்தப் பெரிய மரமும் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், காய்ந்த கிளையையும் ஒரே பக்கம் கனத்த கிளையையும் எடுக்க வேண்டும். மொட்டையடிக்கக் கூடாது: வெட்டிய முனையில் குத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், அவைதான் அடுத்த காற்றில் கார் மேல் விழுபவை. தென்னையில் புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய தேங்காயையும் அடி மட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைக்கனம் குறையும். வாழைக்கு முட்டு.

பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது என்றால் என்ன செய்வது? இதில்தான் மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் சண்டை, பிறகு காவல் நிலையம், அங்கே "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், அப்புறம் வக்கீல், அதற்குள் ஐப்பசி வந்துவிடும். காவல் நிலையம் இதற்கான இடமே அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, நேரடியாக மரத்தைப் பற்றியே பேசுகிறது. விழுந்து அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் விளைவிக்கக்கூடிய நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. நடைமுறையில் அது உங்கள் பகுதியின் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர். உரிமையாளர் ஆட்சேபித்தால் விசாரணை நடக்கும். உத்தரவு உறுதியான பிறகும் மீறினால் வழக்கு வரும். முறைப்படி போட்ட அந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இவ்வளவு கூரான சட்டம் கையில் இருக்க, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் "ஐயா, மரத்தை எடுக்க உத்தரவிட வேண்டுகிறேன்" என்று ஒற்றை வரியில் மனு கொடுப்பார்கள். அது வட்டாட்சியருக்குப் போகும், அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்குப் போகும், "இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டது" என்று திரும்பும்.

மனு இப்படி இருக்க வேண்டும். பெறுநர்: உட்கோட்ட நிர்வாக நடுவர் மற்றும் வருவாய்க் கோட்டாட்சியர். பொருளில் 152-ஆம் பிரிவு என்று எண்ணோடு எழுதுங்கள், அது இல்லாவிட்டால் அந்த மனு குறைதீர் மனுவாகவே நடத்தப்படும். மரம் நிற்கும் சர்வே எண் அல்லது கதவு எண், உரிமையாளர் பெயர், மரத்தின் வகை, சுமார் உயரம், சுவரிலிருந்து தூரம், எந்தப் பக்கம் சாய்வு. அபாயத்தின் அடையாளம்: அடியில் மண் விரிந்திருக்கிறதா, தூரில் பொந்து அல்லது காளான் இருக்கிறதா, பட்டை உரிந்திருக்கிறதா. எத்தனை பேர் அதன் கீழ் வசிக்கிறார்கள், பள்ளிக் குழந்தைகள் போகும் பாதையா. நான்கு திசையிலிருந்தும் படம். மனு கொடுப்பதற்கு முன்பே உரிமையாளருக்கு ஒரு கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையை இணையுங்கள். இது வெறும் மரியாதைக்காக அல்ல. நாளைக்கு மரம் விழுந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், அபாயம் தெரிந்தும் அவர் சும்மா இருந்தார் என்பதற்கு அந்த ஒப்புகைதான் சாட்சி. நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "டப்பால்ல போட்டுட்டுப் போங்க" என்பார்கள். போடாதீர்கள், முத்திரை வாங்குங்கள்.

மரம் அரசு இடத்தில் இருந்தால் வாசல் மாறும். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் அதன் உதவிக் கோட்டப் பொறியாளர், ஊராட்சிச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், சென்னை மாநகராட்சி என்றால் 1913. அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஆகவே "அண்ணே, ஆள் வெச்சு நாமளே வெட்டிரலாம்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்கள் பட்டா நிலத்திலேயே இருந்தாலும் பனை என்றால் ஆட்சியர் அனுமதி வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குழுவின் அனுமதி வேண்டும். ஈட்டி, சந்தனம் என்றால் எங்கிருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். மின்கம்பியில் உரசும் கிளைக்கு மின்னகம், 94987 94987. அதை நீங்களே கொக்கி மாட்டி இழுப்பது தற்கொலை. புயல் நேரத்தில் மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077.

காப்பீடு பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் படிப்பதில்லை. வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருந்தால், நிறுத்திய காரின் மேல் மரம் விழுந்தால் ஒரு ரூபாய்கூட வராது. சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பும் சேர்ந்தது வேண்டும். வீட்டுக்கு, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா என்ற தரப்படுத்திய பாலிசி இருக்கிறது. புயல் சேதம் மட்டுமல்ல, மரம் விழுந்து வரும் சேதமும் அதில் பெயர் சொல்லியே அடங்கும். தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 4 முதல் 15 வயது மரத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், 900 ரூபாய் காப்பு. 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய் பிரீமியம், 1,750 ரூபாய் காப்பு. அந்தப் பிரீமியத்திலும் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கொடுத்து, விவசாயி கட்டுவது மீதிக் கால் பங்குதான். கஜாவில் சாய்ந்த தோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் காப்பு இல்லை. டீ குடிக்கும் காசுக்கும் குறைவான தொகை. இந்த ஆண்டு உங்கள் வட்டாரத்தில் சேர்க்கை நடக்கிறதா என்று தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள்.

மேற்கே மலையடிவாரத்தில் காற்றைவிட விலங்குதான் கவலை. கோவையின் தடாகம், மருதமலை, பெரியநாயக்கன்பாளையம், நீலகிரியின் கூடலூர், பந்தலூர், பிறகு வால்பாறை, தேன்கனிக்கோட்டை. ரியல் எஸ்டேட்காரர் "மலை பார்த்த வீடு" என்று விற்ற மனையில் வாங்கியவர் முதலில் நடுவது வாழை, பலா, மா, ஒரு வரிசை தென்னை. யானை வருவதற்கு இதற்கு மேல் அழைப்பு வேண்டியதில்லை. பலா பழுக்கும் மாதங்களில் கூடலூர்ப் பக்கம் யானை வீட்டு முற்றம் வரை வருவது வருடாவருடம் நடக்கிறது. பழுக்கும் முன்பே காயைப் பறித்துவிடச் சொல்லி வனத்துறையும் வருடாவருடம் சொல்கிறது. இளந்தென்னையின் குருத்தை யானை பிடுங்கினால் மரம் முடிந்தது. காட்டுப்பன்றி வாழைக் கிழங்கையும் மரவள்ளியையும் தோண்டும், முள்ளம்பன்றி தென்னங்கன்றின் அடியைக் கடிக்கும், மயில் முளையைக் கொத்தும், குரங்கு கொய்யாவையும் செம்பருத்தி மொட்டையும் விடாது.

யானை தொடாத செடி என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். பசித்தால் எதையும் தொடும், தின்னாவிட்டாலும் மிதிக்கும். ஆனால் இழுக்கும் செடியைத் தவிர்க்கலாம். காட்டோர வீட்டில் வாழை, பலா, கரும்பு வேண்டாம். மிளகாய், இஞ்சி, மஞ்சள், எலுமிச்சை ஆகியவற்றின் மேல் யானைக்கு ஈர்ப்பு குறைவு. வேலியோரம் ஆனைக்கற்றாழை, இடைவெளி விடாமல். அரளி விலங்குகள் தின்னாதது, ஆனால் முழுச் செடியும் நஞ்சு, குழந்தையும் ஆடும் உள்ள வீட்டில் யோசிக்க வேண்டும். மாடும் மானும் தொடாது என்பதற்காக உண்ணிச்செடியை வேலியாக வைப்பதுதான் பெரிய தவறு: நீலகிரிக் காடுகளை மூடிய களையே அதுதான், அதை அகற்ற அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களுக்கென்றே கொள்கை வகுத்துச் செலவு செய்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் அரிசியும் உப்பும் வாசனை வரும்படி வைக்காதீர்கள். கன்றுகளைச் சுற்றி மூன்று ஆண்டாவது வலைக்கூண்டு வேண்டும்.

மின்வேலி விஷயத்தில் மட்டும் மெதுவாகப் பேச முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் அநாதையாயின, நிலத்துக்காரர் கைதானார். பன்றிக்காகப் போட்டேன் என்பது பதில் ஆகாது. யானையும் மயிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு வரை போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மின்கம்பியிலிருந்து நேரடியாக இழுத்தால் மின்திருட்டு வழக்கும் சேரும். அந்த வேலியில் பக்கத்து வயல்காரர் செத்த சம்பவங்களும் உண்டு. தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைப்பது இதைவிடக் கேவலம். சூரிய மின்வேலி போட வேண்டும் என்றால் 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலிகள் பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும், இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட கருவிதான் பொருத்த வேண்டும், ஏற்கெனவே போட்ட வேலிக்கும் பதிவு கட்டாயம். மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேட்டுவிட்டுப் போடுங்கள். பதிவு இல்லாமல் போடாதீர்கள்.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை அதைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். மூன்றுக்கு அப்பால், வனத்துறையினரே சுடலாம். வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனப் பணியாளர் அடங்கிய கிராமக் குழு வழியாக வனச்சரகருக்குக் கோரிக்கை போக வேண்டும். ஆக, விவசாயியின் கையில் துப்பாக்கி வரவில்லை, மனு எழுதும் வேலைதான் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா என்று ஊராட்சித் தலைவரைக் கேட்க வேண்டியது நீங்கள்.

விலங்கு சேதத்துக்கான இழப்பீட்டு விண்ணப்பம் வனச்சரக அலுவலகத்துக்குப் போக வேண்டும், வட்டாட்சியருக்கு அல்ல. பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், படங்கள். கால்தடமும் சாணமும் தெரியும்படி எடுத்த படம் பல பக்க மனுவைவிட வலுவானது. வனவரும் வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலரும் வந்து பார்க்கும் வரை சேதத்தைக் கலைக்காதீர்கள். முறிந்த வாழையை அன்று மாலையே வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு மறுவாரம் மனுவோடு வருகிறார்கள் பலர். திரும்பவும்: வெட்டுவதற்கு முன் படம். 2026 காரிஃப் பருவத்திலிருந்து பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்கு சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. அதிலும் 72 மணி நேரத்துக்குள், இடக்குறிப்புள்ள படத்தோடு, செயலியில் பதிய வேண்டும் என்பது நிபந்தனை. எந்தப் பயிர், எந்த வட்டாரம் என்பதை மாநில அரசின் அறிவிக்கை சொல்லும், விதைக்கும் முன்பே அதைக் கேட்டு வையுங்கள்.

விண்ணப்பம் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் அசைவு இல்லை என்றால் கெஞ்சிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு நான்கு கேள்வி எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிவான என் விண்ணப்பம் இப்போது யாரிடம் இருக்கிறது, கள ஆய்வு எந்தத் தேதியில் நடந்தது, ஆய்வறிக்கையின் நகல், நடக்கவில்லை என்றால் அதற்குப் பொறுப்பான அலுவலரின் பெயரும் பதவியும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நகலில் முத்திரை வாங்கி வைத்தவரால்தான் அந்தப் பதிவு எண்ணை எழுத முடியும்.